ஆறு மிருகங்களும் ஒரு கேள்வியும்

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அன்ரிமாருக்கு என்னைப் பற்றி ஒரு கவலை உண்டு. முப்பத்துமூன்று வயது, நல்ல வேலை, கெட்ட பழக்கம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கையடக்கமான ஒரு கேம் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகிறான். அங்கே என்ன செய்கிறான் என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறார்கள். அம்மா "கொம்பியூட்டர் கிளாஸ்" என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மையைச் சொல்வதை விட அது கௌரவமாக இருந்திருக்கும் போல.

உண்மை இதுதான். நான் அங்கே மிருகங்களைச் சண்டைக்கு விடுகிறேன். திரைக்குள் இருக்கிற மிருகங்கள். நெருப்பைக் கக்குவது, தண்ணீரில் வாழ்வது, கல்லால் ஆனது, பறப்பது என்று நூற்றுக்கணக்கில் உண்டு. தண்ணீர் நெருப்பை அணைக்கும், மின்னல் தண்ணீரைத் தாக்கும், மண்ணுக்கு மின்னல் ஏறாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பலம், ஒரு பலவீனம். அவற்றில் ஆறைத் தெரிந்தெடுத்து ஒரு டீம் அமைக்க வேண்டும். எந்த எதிரி வந்தாலும் அந்த ஆறில் ஒன்றாவது பதில் சொல்ல வேண்டும். காலி வீதியோரம் ஒரு கேம் கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் போட்டி நடக்கும். இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் போட்டி. ஆளுக்கு மூன்று, சேர்த்து ஆறு.

என்னோடு சேர்ந்து ஆடியவள் கொட்டாஞ்சேனைக்காரி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இரண்டரை வருடம் இருந்தது. ஒரு கற்பனை ஆமையை எந்தச் சுற்றில் இறக்குவது என்று இரவு பகலாக யோசித்த அந்த இரண்டரை வருடத்தில், இதை எப்போது சொல்வது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

நாங்கள் ஒரே மென்பொருள் கம்பனியில் வேலை செய்தோம். நான் எழுதுகிற நிரல்களில் பிழை பிடிப்பது அவள் வேலை. ஒரு நாள் மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆறில் ஐந்து மிருகங்கள் அடிக்கிற சாதி, அதிலும் பெரும்பாலும் நெருப்பு. தாங்குகிறது ஒன்றுகூட இல்லை.

"இப்பிடி டீம் வச்சா ஒரு மழை பெய்தா எல்லாம் முடிஞ்சுது" என்றேன். அந்தக் கேமில் மழை பெய்தால் நெருப்பின் பலம் பாதியாகும்.

அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மழை வர்றதுக்கு முன்னாடி முடிச்சிருவேன்" என்றாள்.

முடித்தாள். அடுத்த ஆட்டத்தில் மழை வந்தது, தோற்றாள். அதன் பிறகுதான் நிமிர்ந்து, "சரி, உங்க டீமக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். என் ஆறில் ஐந்து, தாங்குகிற சாதி.

இப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம். அவளுடைய மூன்றும் அடிக்கும்: ஒரு நெருப்புச் சிங்கம், ஒரு மின்னல் கீரி, ஒரு வாள் பிடித்த வெட்டுக்கிளி. என்னுடைய மூன்றும் அவற்றைக் காப்பாற்றும்: அடி வாங்கினாலும் அசையாத ஒரு கல்லாமை, காயம் ஆற்றுகிற ஒரு பூ, எங்கள் பக்கத்துக்கு வேகம் கூட்டுகிற ஒரு பறவை. நான் அவற்றை மிருகங்கள் என்பேன். அவள் பிள்ளைகள் என்பாள். "உங்க பிள்ளைக எல்லாம் உங்கள மாதிரியே, கழுவுற மீன்ல நழுவுற மீன்" என்பாள். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த நான் அவளை 'நீர்' என்றேன். அவள் என்னை 'நீங்க' என்றாள். இரண்டரை வருடத்திலும் நாங்கள் 'நீ' வரைக்கும் வரவில்லை.

தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி வாங்கி, டீமுக்கென்று கட்டம் போட்டு எழுதினேன். இடப்பக்கம் எதிரி என்ன கொண்டு வரலாம் என்பது, வலப்பக்கம் அதற்கு எங்கள் பதில். பனி வந்தால் சிங்கம். தண்ணீர் வந்தால் கீரி. வேகமான ஆட்கள் வந்தால் பறவை முதலில். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எனக்கு நித்திரை வராது. அது என் பிழை மட்டும் இல்லை. வீட்டை விட்டு இறங்கும்போது அடையாள அட்டை, அதன் பிரதி, பிரதியின் பிரதி எல்லாம் இருக்கிறதா என்று கேட்கிற அப்பாவிடம் வளர்ந்தவன் நான். சோதனைச்சாவடிக் காலம் மாறிய பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. எதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் பாடம். எதையாவது செய்ய வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு நாள் வேறொரு கட்டம் போட்டேன். இடப்பக்கம்: அம்மா யாழ்ப்பாணத்தில் பெண் பார்க்கிறார். வலப்பக்கம்: கொஞ்ச நாள் அழுவார், பிறகு சரிவரும். இடப்பக்கம்: அவளுடைய ஆட்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொந்தக்காரர் கதைப்பார்கள். வலப்பக்கம்: கதைக்கட்டும், கதைக்காத நாள் எது. இப்படி எட்டு ஒன்பது வரி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. 'அவள் மாட்டேன் என்றால்' என்ற ஒன்றுக்கு மட்டும் பதில் எழுத முடியவில்லை. பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

எங்கள் டீமில் ஆறுக்கு மேல் ஏழாவதாக ஒன்றும் இருந்தது. அது தமிழ். ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் நாலு பேரும் தங்கள் தங்கள் அடியை ஒரே நேரத்தில் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்வதற்கு முக்கால் நிமிடம். அதற்குள் கூட்டாளியோடு கதைக்கலாம். அந்த மேல்மாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கிசுகிசுப்பார்கள். அப்படியும் சில சொற்கள் எங்களுக்குக் கேட்டுவிடும். சிங்களம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நாங்கள் அவர்கள் முகத்துக்கு நேரே, கடையில் மீன் விலை கேட்கிற மாதிரி, சத்தமாகத் தமிழில் கதைப்போம். "வலப்பக்கம் நிக்கிறதுக்கு அடியும், நான் பூவை இறக்கிறன்" என்பேன். அவர்கள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். பஸ்ஸிலும் ரயிலிலும் குரலைத் தாழ்த்தித் தமிழ் கதைத்துப் பழகியவன் நான். அந்த ஒரு மேசையில்தான் வாய் திறந்து கதைத்தேன். விளையாட்டுக் கதையோடு வேறு கதைகளும் வந்தன. அலுவலகத்தில் தமிழ் ஆட்கள் நாலு பக்கமும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருவர் சேர்ந்து ஒரு ஐஸ்கிரீம் குடித்தால் இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கே செய்தி போகும். இருபது முப்பது பேர் நிறைந்த அந்த மாடிதான் நாங்கள் இருவரும் தனியாகக் கதைக்கக்கூடிய இடமாக இருந்தது. அவள் தன் அக்காவின் கலியாணம் குழம்பியதை அங்கேதான் சொன்னாள், எதிராளியின் வெட்டுக்கிளியை அடித்துக்கொண்டே.

பிறகு எல்லாரும் வெளிநாடு போகத் தொடங்கிய வருடம் வந்தது. அலுவலகத்தில் மாதம் ஒரு பிரியாவிடை கேக். கேக் வெட்டுகிறவர்களின் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் கலந்திருக்கும். அவளும் மெல்போர்னுக்கு விண்ணப்பித்தாள். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பித்தாள். நான் படிவத்தில் பிழை பார்த்துக்கொடுத்தேன். அந்த ஒரு முறை பிழை பிடிக்கிற வேலை என்னுடையதாயிற்று. கிடைக்காது என்று உள்ளுக்குள் நம்பினேன். கிடைக்கக் கூடாது என்று கும்பிடவும் கும்பிட்டேன். அப்படிக் கும்பிட்டுவிட்டு, அவளுடைய முகவரியில் விடுபட்ட ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

அந்த வருடப் போட்டியில் நாங்கள் அரையிறுதி வரை வந்தோம். எதிரே ஒரு புருஷனும் பெண்சாதியும். நாற்பதை நெருங்கியவர்கள். ஒரே நிறத்தில் ரீசேட் போட்டிருந்தார்கள். அவர் அமைதியான ஆள். அந்த அக்கா ஒரு டப்பாவில் முறுக்குக் கொண்டுவந்து, ஆட்டம் தொடங்க முதல் எங்களுக்கும் நீட்டினார். சிங்களத்தில் நன்றி சொல்லி எடுத்தோம்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே எங்களுக்கு ஒன்றும் சரிவரவில்லை. கீரியை இறக்கினால் மின்னல் ஏறாத மண்புழு அங்கே தயாராக நிற்கும். பூ காயம் ஆற்றப் போகிற சுற்றிலேயே பூவுக்கு அடி விழும். என் கொப்பியைத் திருடிப் படித்துவிட்டு வந்தவர்கள் போல ஆடினார்கள். அவர்கள் தங்களுக்குள் கிசுகிசுக்கவும் இல்லை. அந்த அக்கா முழங்கையால் புருஷனை ஒருமுறை தட்டுவார், அவ்வளவுதான். நான் இன்னும் சத்தமாக, இன்னும் விளக்கமாக அவளுக்குத் தமிழில் திட்டம் சொன்னேன்.

கடைசியில் எங்களிடம் இரண்டு மிஞ்சின. அவளுடைய சிங்கம், என்னுடைய ஆமை. அவர்களிடம் ஒரு பறவை, ஒரு தண்ணீர்ப் பாம்பு. பறவையைச் சிங்கமும் ஆமையும் ஒரே சுற்றில் சேர்ந்து அடித்தால் விழும். ஒருவர் மட்டும் அடித்தால் விழாது. பறவை போனால் பாம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கால் நிமிடம் ஓடத் தொடங்கியது.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வழக்கமான குரலில், அடுத்த அடியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"விசா வந்திருச்சு. நேத்து. என்ன சொல்றீங்க, போகவா, இருக்கவா?"

திரையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. கேட்டதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்தக் கணமே விளங்கியது. அவள் பயணத்தைப் பற்றி ஆலோசனை கேட்கவில்லை. இரண்டரை வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்ததை, சொல்லு என்று கேட்டாள். விளங்கிய உடனே என் கை என்ன செய்தது என்றால், தான் எப்போதும் செய்வதைச் செய்தது. அந்தக் கேமில் 'காப்பு' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் அந்தச் சுற்றில் நம் மிருகத்தை யாரும் தொட முடியாது. ஆனால் அதுவும் யாரையும் தொடாது.

"முதல்ல இந்தச் சுத்தைப் பாப்பம்" என்றேன். "நான் ஆமைக்குக் காப்புப் போடுறன்."

"அடிக்கலயா?"

"இல்லை. காப்பு."

அவள் சிங்கத்தைத் தனியே அனுப்பினாள். பறவை நூலிழையில் தப்பியது. அவர்கள் இருவரும் என் ஆமையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறவை, பாம்பு இரண்டும் சேர்ந்து சிங்கத்தை அடித்தன. சிங்கம் விழுந்தது. ஆமை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. அதை விழுத்த அவர்களுக்கு இன்னும் நாலு சுற்று எடுத்தது. அந்த நாலு சுற்றும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள் அவள்.

கைகொடுத்து எழுந்தோம். அவள் கீழே பிளேன்டீ வாங்கப் போனாள். நான் மெஷினைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா மேசையைச் சுற்றி வந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றார், அச்சொட்டான தமிழில். "நான் பிறந்து வளந்தது கொட்டாஞ்சேனையில. எங்க ஒழுங்கையில பாதி தமிழ் வீடு. எனக்கு எல்லாம் விளங்கும்."

நான் மெஷினைப் பைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

"முதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு தைரியமா கதைச்சீங்க, நடுவில சொல்ல வெக்கமாப் போச்சு. காதைப் பொத்திக்கொண்டும் விளையாட ஏலாது தானே." படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். "கேம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை ஒண்டு கேட்டாவே. நீங்க பதில் சொல்லலயே?"

"சொல்லுவன் அக்கா" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். தேநீர் குடித்துவிட்டு, வழக்கம் போல ஸ்டேஷனுக்கு நடந்தோம். அவள் கோட்டைப் பக்க ரயிலில் போய் அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ் எடுப்பாள். நான் வெள்ளவத்தைக்கு எதிர்ப்பக்க மேடை. ஆனாலும் அவளுடைய ரயில் வரும் வரை அவளுடைய மேடையில்தான் நிற்பேன். அதற்காக என் ரயிலை விட்ட நாட்கள் பல. அன்றைக்கு மேடையில் நல்ல சனம். கடலிலிருந்து உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றாள். கேட்டவள் மறுபடி கேட்கப்போவதில்லை என்று தெரிந்தது.

அதற்கு முதல் ஞாயிறு என்றால் அந்த மேடையில் நின்று எதையும் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் என்னையே நம்பவைத்திருந்தேன். அன்றைக்கோ பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். வடை விற்கிறவருக்குத் தமிழ் தெரியுமோ. குழந்தையைத் தோளில் போட்டிருக்கிற அந்த மனிதருக்கு? வாங்கில் இருந்த மூன்று பெண்கள் எந்த ஊர்? கொழும்பில் எனக்கென்று இருந்த ஒரு மறைவு அன்று மத்தியானம் கழன்று விழுந்துவிட்டது. நடுத்தெருவில் சட்டையில்லாமல் நிற்கிறவன் போலக் கூசினேன். "போகாதேயும்" என்பது ஒரே ஒரு சொல்.

ரயில் வந்தது. அவள் ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வீட்ட போனதும் மெசேஜ் போடும்" என்றேன்.

"போடுறேன்" என்றாள். ரயில் அசைந்தபோது, "இன்னிக்கு நீங்க அடிச்சிருக்கலாம்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதப் பிரியாவிடை கேக் அவளுடையது. போவதற்கு முன் தன்னுடைய மூன்றையும் கேமுக்குள்ளேயே எனக்கு அனுப்பிவைத்தாள். அங்கே போய் ஆட நேரம் இருக்காதாம். இன்றைக்கும் அந்தச் சிங்கத்தைத் திறந்தால் கீழே அதை வளர்த்தவளின் பெயர் இருக்கிறது. சில நாட்களில் அதைப் பார்ப்பதற்காக மட்டும் மெஷினைத் திறக்கிறேன். ஆறும் இப்போது என்னிடமே இருக்கின்றன. எல்லாக் கட்டமும் நிரம்பிய, ஓட்டை இல்லாத டீம். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம்கூட ஒழுங்காக வெல்ல முடியவில்லை. வாளை எப்போது வீசுவது என்று அவளுக்குத்தான் தெரியும். எனக்கு அவள் வேண்டும். இப்படி வெளிப்படையாக எழுதுகிறபோது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

ஞாயிறுகளில் இன்னும் போகிறேன். அந்தப் புருஷனும் பெண்சாதியும் வருவார்கள். முதல் சில மாதம் அக்கா என்னைப் பார்த்ததும், "கதைச்சீங்களா?" என்று கேட்பார். "இன்னும் இல்லை அக்கா" என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். முறுக்கு மட்டும் நீட்டுவார்.

போன சனிக்கிழமை பின்னேரம் அவள் மெல்போர்னிலிருந்து அழைத்தாள். வழக்கமாகப் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும்தான் அழைப்பாள். இரண்டும் இல்லாத நாள். அலுவலகம், குளிர், பஸ் என்று கொஞ்சம் கதைத்தாள். பிறகு சொன்னாள்.

"வீட்டுல ஒருத்தரப் பாத்திருக்காங்க. இங்கதான் இருக்காரு. அடுத்த வாரம் பதில் சொல்லணும்." அன்றைய அதே குரலில் கேட்டாள். "என்ன சொல்றீங்க?"

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா கீழே காவலாளியோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். அங்கே எங்கேயோ ஒரு கார் போகிற சத்தம் போனில் கேட்டது. இந்த முறை நேரம் குறைந்துகொண்டு போகிற திரையும் இல்லை.

"நல்ல ஆள் எண்டா யோசிக்காமச் செய்யும்" என்றேன்.

"சரி" என்றாள்.

போனை வைத்த பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. அந்த வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.